பக்கர்வால் ஜனத்துக்கான சுற்று

அம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் என்னைப் பார்க்கிறாள். பள்ளிக்கூட மைதானத்தில் ஆயுசு பூராவும் விசில் ஊதிய பி.டி. டீச்சர், முதுகுக்குப் பின்னால் எந்தப் பிள்ளை வரிசையை விட்டு விலகுகிறது என்று திரும்பாமலே சொல்லுகிறவள், என் தொடைக்கடியில் ஃபோன் இருப்பது அவளுக்கா தெரியாது. சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்கள் ஃபோனை டி.வி. ஸ்டாண்டில் வைத்துவிட்டுத்தான் பாயில் உட்கார வேண்டும், அது அவள் போட்ட சட்டம், நாசரேத்தில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அதற்குக் கீழ்ப்படிகிறார்கள், நான் மட்டும் மீறியிருக்கிறேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருக்கிறது. ஏதோ கவலை என்று கண்டுபிடித்துவிட்டாள். கேட்கமாட்டாள், ஆண்டவரிடம் கேட்டுவிடுவாள், என் காதுபடவே. தொடைக்கடியில் ஃபோன் சூடாக இருக்கிறது, அது என் சூடுதான், அது அதிரவில்லை, வியாழக்கிழமையிலிருந்து அது அதிரவே இல்லை, அதாவது அதிர்ந்தது, ரீசார்ஜ் முடியப்போகிறது என்று கம்பெனிக்காரன் அனுப்பினான், துறைத்தலைவர் வைவா தேதியை மாற்றினார், லில்லி புஷ்பம் அக்கா தினமும் அனுப்புகிற ரோஜாப்பூ வசனம் வந்தது, ஜம்முவில் என் அறையில் இருக்கிற ஷமீமிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கடைசியாக அனுப்பியது ஒரு படம். சாம்பல் வானம், அதற்குக் கீழே சாம்பல் பாறை, நடுவில் ஆடுகள், ஓரத்தில் அவள் கட்டைவிரல். "பீர் கி கலிக்குக் கீழே நிற்கிறோம், நாளைக்குக் கணவாயைத் தாண்டிவிடுவோம், உன் ஊர் மாதிரி வெயில் கொஞ்சம் அனுப்பு" என்று எழுதியிருந்தாள். மறுநாள்தான் பனி. மே மாதத்தில் பனி. செய்தியில் லாரிகள் வரிசையாக நிற்பதைக் காட்டினார்கள், காய்கறிக் கூடைகளைக் காட்டினார்கள், சுற்றுலாக்காரர்களை ராணுவம் இறக்கிக் கொண்டுவந்ததைக் காட்டினார்கள், ஆட்டோடு ஏறிய பக்கர்வால்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இல்லை, ஏனென்றால் அவர்கள் ஏறியதை யாரும் குறித்துக்கொள்வதில்லை, மலை குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

லில்லி புஷ்பம் அக்கா எதிர்ப்பக்கம் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். இது சங்கிலி ஜெபம், ஒருத்தர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் கையை அழுத்த வேண்டும், அழுத்தம் வந்தால் உன் முறை. அக்காவுக்கு அடுத்தது செல்லக்கனி பெரியம்மா, அவளுக்கு அடுத்தது அம்மா, அம்மாவுக்கு அடுத்தது நான். அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். பேரைச் சொல்வதா, வேண்டாமா. சொன்னால் இந்த ஏழு பேரும் ஒரே மூச்சில் கேட்பார்கள், இவர்கள் கேட்கிற வேகம் எனக்குத் தெரியும், என் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு இவர்கள் கேட்டதில் கேள்வித்தாளே பயந்திருக்கும். ஆனால் பேரைச் சொன்னால் லில்லி அக்கா குறித்துக்கொள்வாள், அடுத்த மாத ஜெபப் பத்திரிகையில், 'ஷமீம் என்ற பக்கர்வால் சகோதரி சத்தியத்தை அறியும்படி' என்று கடைசிப் பக்கத்தில் அச்சாகும். அச்சானால் அது எங்கே போகும், யார் பார்ப்பார்கள், யார் ஃபோட்டோ எடுத்து யாருக்கு அனுப்புவார்கள். எங்கள் தெருவில் ஒருத்தி வெளியூர் காலேஜுக்குப் போய்ப் பேர் கெட்டால் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும் நடக்கும், மலை உயரம் மாறினால் மனுஷர் வாய் மாறாது. அவள் கூட்டத்தில் பட்டப்படிப்பு தாண்டிய முதல் பெண். வருஷத்தில் பாதி வகுப்புக்கு வராமல், ஆட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டே, நோட்ஸை என்னிடம் வாங்கிப் படித்து, என்னைவிட அதிக மார்க் வாங்குகிறவள். அவளுடைய எம்.ஏ. இரண்டு வருஷத்தை நான் இந்தப் பாயில் உட்கார்ந்து செலவழித்துவிட முடியாது.

இதெல்லாம் அம்மாவால் வந்தது. இல்லை, அம்மா என்ன செய்தாள், முறுக்கு சுற்றி அனுப்பினாள். ஜம்முவுக்குப் பார்சல் வருகிறது, ஹாஸ்டல் அறையில் பிரித்தால் முறுக்கைச் சுற்றியிருப்பது ஜெபப் பத்திரிகையின் ஒரு பக்கம், எண்ணெய் ஊறி அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது, நடுவில் ஒரு படம், தலைப்பாகை கட்டிய தாடிக்காரர் தோளில் ஆட்டுக்குட்டி. ஷமீம் முறுக்கை விட்டுவிட்டுத் தாளைப் பிடுங்கினாள். "இது நாங்கள். இது எங்கள் தலைப்பாகை. என்ன எழுதியிருக்கிறது, படி." நான் வேண்டாம் என்றேன். படி என்றாள். விவாதத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத நான், கருத்தரங்கில் பேராசிரியரையே குறுக்கே மறித்துக் கேள்வி கேட்கிற நான், அந்த ஒரு பக்கத்தை இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை தடுமாறினேன். மந்தை மேய்க்கும் முகமதிய ஜனம். குளிர்காலத்தில் கீழே, கோடையில் மேலே. இருளில் வாழ்கிறார்கள். ஷமீம் யோசித்துவிட்டு, "டார்ச் இருக்கிறதென்று எழுதிப் போடு" என்றாள். பிறகு சிரித்தாள், முறுக்கு நொறுங்க நொறுங்கச் சிரித்தாள், நான் செல்லக்கனி பெரியம்மா கதையைச் சொன்னபோது இன்னும் சிரித்தாள்.

அந்தக் கதை வேறொன்றுமில்லை. அவர்கள் அழுத்திச் சொல்லுகிற பாவுக்கும் நம் பாவுக்கும் தமிழில் எழுத்து ஒன்றுதான். பக்கர்வால் என்று பத்திரிகையில் அச்சாகியிருக்கும், அம்மா வேகமாக வாசிப்பாள், செல்லக்கனி பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், புருஷன் பக்கவாதத்தில் கிடந்து போனவர், அவள் காதில் அது விழுந்த விதத்தில்தான் விழுந்தது. நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து பெரியம்மா அந்த ஜனத்துக்காக ஜெபிக்கிறாள். ஆண்டவரே, காஷ்மீர் தேசத்துப் பக்கவாத ஜனங்களைத் தொடும். கை கால் விளங்காமல் கிடக்கிற அந்தப் பிள்ளைகளை எழுப்பி நடக்கப் பண்ணும். வாரத்துக்கு ஒரு தடவை. உலகத்திலேயே அதிகம் நடக்கிற ஜனத்துக்காக, அவர்கள் நடக்க வேண்டும் என்று. ஒரு நாளும் யாரும் திருத்தவில்லை, அம்மாகூட. எனக்குத் தெரிந்ததே நான் ஜம்முவுக்குப் போய், ஷமீமோடு சந்தைக்குப் போகும்போது அவள் நடைக்கு ஈடு கொடுக்க முடியாமல் மூச்சிரைத்து நின்ற அன்றைக்குத்தான், சட்டென்று மூளையில் இரண்டு வார்த்தையும் இடித்துக்கொண்டன. ஷமீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார், அவங்க துஆ பலித்திருக்கிறது, எங்க ஆட்கள் யாருக்கும் கால் வலி இல்லை" என்றாள். கடைசியில் சிரிப்பு அடங்கியபோது சொன்னாள்: "துஆ செய்யட்டும் பெனீ. யார் செய்தாலும் துஆ போய்ச் சேரும். ஆனால் என் பேரைச் சொல்லி என்னை மாற்றச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். நான் உடைந்த சாமான் இல்லை." சரி என்றேன். கையில் அடித்துச் சரி என்றேன்.

இப்போது செல்லக்கனி பெரியம்மா கையை லில்லி அக்கா அழுத்திவிட்டாள். பெரியம்மா தொண்டையைச் செருமுகிறாள். அடுக்களையில் கஞ்சி கொதித்து அடங்குகிற மணம், தேங்காய்த் துவையல் மணம், உபவாசம் முடிய இன்னும் நேரமிருக்கிறது, வயிறு கத்துகிறது, அங்கே அவர்கள் என்ன தின்றிருப்பார்கள், மக்காச்சோள மாவு இருக்கும், விறகு நனைந்திருக்கும், ஷமீமின் அண்ணன் பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, குழந்தையை எதற்குள் சுற்றி வைத்திருப்பார்கள், கம்பளம் நனைந்தால் எத்தனை கனம் கனக்கும் என்று ஷமீம் ஒருதரம் சொன்னாள், ஒரு ஆளைத் தூக்குகிற மாதிரி என்றாள். "ஸ்தோத்திரம் அப்பா, ஸ்தோத்திரம். பக்கவாத ஜனங்களை நினைத்தருளும் தகப்பனே. அவங்க மலை மேல கிடக்காங்கன்னு டீச்சர் வாசிச்சா. மலை மேல கிடந்தா யாரு தண்ணி குடுப்பா ஆண்டவரே, யாரு திருப்பிப் படுக்க வைப்பா." எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. மலை மேல் கிடக்கிறார்கள். யார் தண்ணீர் கொடுப்பார்கள். இந்தக் கிழவி தப்பாகக் கேட்டுக் கேட்டு, இன்றைக்கு மட்டும் சரியாகக் கேட்கிறாளோ, சீ, மூடநம்பிக்கை, பெனிட்டா, நீ சமூகவியல் படிக்கிறவள், வானிலை என்பது வானிலை.

ஆனால் நேற்று அம்மாவோடு சண்டை போட்டேனே, மீன் கழுவும்போது, அது நியாயமான சண்டை. இந்த வாரச் சுற்று பக்கர்வால் ஜனத்துக்கு என்று அவள்தான் வைத்தாள், நான் வந்திருக்கிறேன் என்று விசேஷமாக. நான் நுழைவுத் தேர்வு எழுதி ஜம்முவில் இடம் வாங்கினால், அது எங்கள் ஜெபத்துக்குப் பதில், கர்த்தர் என் பிள்ளையையே அந்த ஜனத்தண்டைக்கு அனுப்பிட்டாரு என்று சபையில் சாட்சி சொன்னவள் அவள். "அப்போ நான் ராப்பகலாப் படிச்சது எந்தக் கணக்கும்மா?" என்று அன்றைக்கே கேட்டேன். "அதுவும் அவரு குடுத்த மூளைதானட்டி" என்றாள். அதை எதிர்த்து எப்படி வாதாடுவது, எந்தப் பக்கம் போனாலும் அவர் நிற்கிறார். நேற்று நான் விடவில்லை. "ஆடு மேய்க்கிறவங்களையே ஆடாப் பாக்கீங்கம்மா நீங்க. அவங்களுக்கு ஒரு சாமி இருக்கு, அஞ்சு வேளை தொழுகை இருக்கு, பாறை மேல துண்டை விரிச்சுத் தொழுறாங்க, நம்ம ஆளுங்க ஃபேன் ஓடலன்னா கோயிலுக்கு வரமாட்டாங்க. இரட்சிப்பு இரட்சிப்புங்கீங்களே, எதுல இருந்து? மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போடுறவன் கிட்ட இருந்து இரட்சிக்கச் சொல்லுங்க, நானும் முட்டி போடுதேன்." அம்மா செதிலைச் சுரண்டிக்கொண்டே, "எங்க ஜெபத்துக்கு நீ யாருட்டி சூப்பர்வைசர்?" என்றாள். பிறகு, கத்தியைக் கழுவிவிட்டு, கோபமில்லாமல், சொன்னாள். "நாம பனையேறின ஜனம். மாராப்புப் போடக்கூடாதுன்னு வச்சிருந்தாங்க நம்மள. எங்கயோ மழை பெய்யுற ஊர்ல ஒரு வெள்ளக்காரப் பொம்பள, நம்ம சாதிப் பேரைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாம, நமக்காக முட்டி போட்டிருக்கா. அவளுக்கு நான் கடன்காரி. வேற யாருக்காவது போட்டுத்தான் தீக்கணும்." நான் உடனே, "அவ முட்டி போட்டதால பள்ளிக்கூடம் வந்துச்சா, நம்மாளுங்க எதிர்த்து நின்னதால வந்துச்சா?" என்றேன். "ரெண்டுந்தான். மீனைப் புரட்டிப் போடு, மஞ்சள் அந்தப் பக்கம் படல."

மறுபடி யோசித்தால் என் வாதத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை இருப்பது வேறெங்கோ. இந்தத் தெற்கு மூலையில், கடல் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், பக்கர்வால் என்ற சொல்லைத் தப்பாகவாவது சொல்லத் தெரிந்தவர்கள் இந்தப் பாயில் இருக்கிற இவர்கள்தான். என் வாட்ஸாப் நண்பர்கள், கட்டுரை வாசிக்கிறவர்கள், எனக்காகக் கைதட்டுகிறவர்கள், நேற்று அவர்களிடம் பனி பற்றி எழுதினேன், ஒருத்தன் அழுகிற பொம்மை போட்டான், ஒருத்தி காலநிலை மாற்றம் பற்றி ஒரு இணைப்பு அனுப்பினாள். செல்லக்கனி பெரியம்மா அழுகிறாள். நிஜமாக. முந்தானையால் மூக்கைச் சிந்துகிறாள், பெரியப்பாவையும் நினைத்துக்கொண்டிருப்பாள், இருக்கட்டும், அந்த அழுகையில் ஒரு கால் பங்காவது அந்த மலைக்குப் போகிறது. எனக்கு அந்தக் கால் பங்கு வேண்டும். ஆசையாக இருக்கிறது. ஆனால் அடுத்தது அம்மா, அம்மாவின் ஜெபத்துக்கு ஒரு முடிவு உண்டு, எனக்கு மனப்பாடம், எந்த ஜனமாக இருந்தாலும் அவள் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவாள்: இருளிலிருந்து ஒளிக்குள் நடத்தியருளும், ஒரே மந்தையும் ஒரே மேய்ப்பனும் ஆகப் பண்ணும். டிரில் வகுப்பில் கடைசியாக, அட்டென்ஷன், கலைந்து செல் என்பாளே, அந்த மாதிரி. அந்த வரி வந்தால் நான் ஷமீமுக்குச் சத்தியம் அடித்த கை எரியும். பேர் சொல்லாவிட்டாலும் எரியும். பெரியம்மா ஆமென் என்கிறாள். அம்மாவின் கையை அவள் அழுத்துகிறாள். அம்மா மூச்சை உள்ளே இழுக்கிறாள், விசிலுக்கு இழுக்கிற அதே மூச்சு.

"அம்மா."

என் சத்தம்தான். கண்கள் திறக்கின்றன. சங்கிலியின் நடுவில் யாரும் பேசியதில்லை. எனக்கு வலப்பக்கம் இருக்கிற சாந்தகுமாரி மதினி, "வாந்தி வருதா பிள்ள?" என்கிறாள், வெறும் வயிற்றில் யாரோ ஒருத்திக்கு எப்போதும் வருவதுதான். நான் பாயைப் பார்த்துக்கொண்டு சொல்கிறேன். "இன்னைக்கு மட்டும் அவங்க ஆத்துமாவ விட்டுருங்க. உடம்பைக் கேளுங்க." அம்மா, "என்னட்டி?" என்கிறாள். சொல்ல ஆரம்பித்தால் நிற்கவில்லை, கணவாய், பனி, வியாழக்கிழமை, ஃபோன், பச்சைக் குழந்தை, என் கூடப் படிக்கிறவ, என் ரூம்ல இருக்கிறவ, பேரு சொல்லமாட்டேன், அவளை மாத்தச் சொல்லியும் கேக்கக்கூடாது, நான் வாக்குக் குடுத்திருக்கேன். லில்லி அக்காதான் முதலில், "பேரில்லாம எப்படி பெனி? பத்திரிகைக்குக் குறிப்பு அனுப்பணும்லா?" என்றாள். "அவருக்கு அவ பேரு தெரியாமலா இருக்கும், நீ சும்மா கிட லில்லி" என்றாள் செல்லக்கனி பெரியம்மா, பிறகு என் பக்கம் சாய்ந்து, ரகசியம் மாதிரி, ஆனால் காது மந்தக்காரர்களின் ரகசியம், தெருவுக்கே கேட்கும்படி: "நடக்காளா அந்தப் பிள்ள?" "நல்லா நடப்பா பெரியம்மா. என்னைவிட நல்லா நடப்பா." "ஸ்தோத்திரம்" என்றாள் அவள், முகமெல்லாம் விரிய. நான் திருத்தவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

அம்மா என்னைப் பார்க்கிறாள், இப்போது திறந்த கண்ணோடு. அந்தப் பார்வையில் காயமும் இருக்கிறது, எனக்குத் தெரியும், எத்தனையோ வருஷ ஜெபத்தைப் பாதியில் நிறுத்தி, நீ கேட்பது போதாது என்று மகள் சபை நடுவில் சொல்லியிருக்கிறாள். இல்லை, நீ கேட்பது அதிகம் என்று சொல்லியிருக்கிறேன். "கண்ணை மூடுங்க" என்றாள் எல்லோருக்கும். என் கையைப் பிடித்தாள், கட்டைவிரல் அடியில் பழைய விசில் கயிற்றுத் தழும்பு. "தகப்பனே. பேரு தெரியாத அந்தப் பிள்ளைக்காக வந்து நிக்கேன். அவ நிக்கிற இடம்..." நிறுத்தி, கண் திறக்காமல், "இடம் என்னட்டி?" என்றாள். "பீர் கி கலி." "பீர்க்கிக்கலி. அந்த இடத்தில ஆண்டவரே, பனி போதும், நிறுத்தும். எத்தன பேரு?" "அப்பா, அம்மா, அண்ணன், மதினி, குழந்தை, அவ." "குழந்தை பொம்பளப் பிள்ளையா?" "ஆமா." "அந்தப் பெண்கொழந்தைக்குத் தாயோட மார்ச்சூடு குறையாம பாத்துக்கொள்ளும். பால் வத்தாம இருக்கணும். வேற என்ன வேணும் அவங்களுக்கு?" "விறகு. காஞ்ச விறகு." "காஞ்ச விறகு ஆண்டவரே." "கோவேறு கழுதை சறுக்கக் கூடாது." "கழுதையோட காலைப் பிடியும்." "ஆடு..." என் குரல் அங்கே உடைந்தது, எதற்கென்று தெரியவில்லை, ஆட்டுக்கா, "ஆடு போச்சுன்னா அவ படிப்பு நின்னுரும்மா. ஆட்ட வித்துத்தான் ஃபீஸ் கட்டுறாங்க." "ஒண்ணும் விழப்படாது. ஒத்தக் குட்டிகூட விழப்படாது. நாய் இருக்கா?" "இருக்கு." "நாயையும் பாத்துக்கொள்ளும். ராணுவத்துல இருந்து யாராவது அந்தப் பக்கம் போகட்டும், போகாதவனைத் தள்ளி அனுப்பும், சோம்பேறிப் பயலுவ." மைதானத்தில் நிற்கிறாள் அம்மா, பரலோகத்தை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புகிறாள், நீ விறகுக்குப் போ, நீ பாலுக்குப் போ, நீ கழுதைக்கு. பிறகு சத்தம் தணிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. இறங்குகிறாள். முடிவுக்கு வருகிறாள்.

"அவர்களை இருளிலிருந்து..." என்றாள்.

நின்றாள். மின்விசிறி சுற்றுகிறது. லில்லி அக்காவின் வளையல் ஒருதரம் நகர்ந்து நின்றது. எல்லோருக்கும் அந்த வரி தெரியும், எல்லோரும் அதன் மறுபாதியில் ஏற்கெனவே போய் நின்றுகொண்டிருக்கிறார்கள், அம்மா மட்டும் வரவில்லை. அவள் கை என் கைக்குள் வியர்க்கிறது. எத்தனை வருஷத்து வாய்ப்பழக்கம், அதைவிட, எத்தனை வருஷத்து ஆசை, அந்த வரியை அவள் வெறுமனே சொல்வதில்லை, நம்புகிறாள், ஷமீமுக்குக் கொடுக்க அவளிடம் இருப்பதிலேயே உசந்தது அதுதான், கழுதைக் காலும் விறகும் அவளுக்கு இரண்டாவதுதான். அதைக் கொடுக்காதே என்று நான் கேட்டிருக்கிறேன். "இருட்டுறதுக்கு முந்தி" என்றாள் அம்மா, "அவங்கள இருட்டுறதுக்கு முந்திக் கீழ இறக்கிக் கொண்டு வந்துரும் அப்பா. ஆமென்."

ஆமென் என்றார்கள். நான் காத்திருந்தேன், என் முறை, கை அழுத்தம் வரும், வந்ததும் என்ன சொல்ல, எந்த வார்த்தையில் தொடங்க, பரலோகப் பிதாவே என்று சொல்லிப் பல வருஷமாயிற்று, அப்படிச் சொன்னால் அது பொய்யா, சொல்லாவிட்டால் ஷமீமுக்குத் துரோகமா, இதில் நேர்மை என்பது எது, நம்பாமல் கேட்பதற்கு ஒரு பெயர் இருக்கிறதா. அம்மாவின் கை என் கையை விட்டது. என் மடியைத் தாண்டிப் போயிற்று. சாந்தகுமாரி மதினியின் கையைப் போய் அழுத்தியது. "அம்மா, நான்?" என்றேன். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "உன் முறைதான் முடிஞ்சிட்டே. இம்புட்டு நேரமும் நீதான பேசினே." நான் பேசியது உன்னோடதானம்மா, நீ கேட்டே, நான் பதில் சொன்னேன், அதுக்குப் பேரு ஜெபமில்ல என்று வாய் வரை வந்தது, நல்ல வாதம், ஓட்டையில்லாத வாதம். மதினி அதற்குள் தொடங்கிவிட்டாள், காஞ்ச விறகிலிருந்து தொடங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.